ராத்திரியில் பருத்தியை மோப்பம் பிடிக்கும் அந்துப்பூச்சி... இனக்கவர்ச்சிப் பொறி எப்படி வேலை செய்கிறது?

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போயிருக்கிறீர்களா? வேப்பிலை, மஞ்சள், பொங்கல் பானைப் புகை என மாரியம்மன் கோயிலுக்கு வாசனையே வழி காட்டிவிடும். சுற்றியிருக்கும் கரிசல் காட்டிலும் வாசனைதான் வழிகாட்டி. ஆனால் நமக்கில்லை, பருத்தியைத் தேடி இருட்டில் வரும் அந்துப்பூச்சிக்கு!

பூச்சிக்கு மூக்கு எங்கே?

தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு உணர்கொம்புகள்தான் மூக்கு. அவற்றில் ஆயிரக்கணக்கான நுண்முடிகள். முடியில் இருக்கும் துளை வழியே வாசனை உள்ளே போய் நரம்பைத் தட்டி எழுப்பும். உடனே பூச்சி காற்றை எதிர்த்து, வளைந்து வளைந்து பறந்து வாசனை வந்த இடத்துக்குப் போய்விடும். பெண் பூச்சி இலை, பூ வாசனைகளின் கலவையை வைத்துச் செடியை அடையாளம் கண்டு, காலால் தொட்டு ருசி பார்த்து முட்டையிடும்.

செடியும் சும்மா இருப்பதில்லை. புழு கடித்தால் அதன் வாசனை மாறும். அந்த வாசனையைப் பிடித்து, புழுவைக் கொல்லும் குளவிகள் வரும். புழு கடித்த புகையிலைச் செடி ராத்திரியில் விடும் வாசனை, முட்டையிட வரும் பெண் பூச்சிகளையே விரட்டுகிறது என்று 2001-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்கிறது. 'இங்கே ஏற்கெனவே ஆள் இருக்கு' என்று போர்டு மாட்டியது போல!

உள்ளே போனால் போச்சு

பருத்தியில் பெரிய தலைவலி இளஞ்சிவப்பு காய்ப்புழு. முட்டையிலிருந்து வந்ததும் பூவுக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடும். அப்புறம் என்ன மருந்து அடித்தாலும் காசுதான் வீண். காய் வெளியே நன்றாகத்தான் தெரியும், வெடித்த பிறகுதான் கறைபட்ட பஞ்சு கண்ணில் படும். பி.டி. பருத்திதானே என்றும் இருந்துவிட முடியாது. முதல் தலைமுறை பி.டி. ரகத்துக்கு இந்தப் புழு அசரவில்லை என்று 2010-லேயே குஜராத்தில் உறுதியாகிவிட்டது.

அதனால்தான் பூச்சி வந்த நாளைத் தெரிந்துகொள்வது முக்கியம். பெண் பூச்சி ஆணை அழைக்க விடும் வாசனையின் பெயர் கோஸிப்ளூர். 1973-ல் கண்டுபிடித்தார்கள். அதையே செயற்கையாகத் தயாரித்து ரப்பர் குப்பியில் ஏற்றிப் பொறியில் வைக்கிறார்கள். பெண்ணைத் தேடி வரும் ஆண், பைக்குள் விழும்.

இதைக் கவனியுங்க...

* விழுவது ஆண் பூச்சி மட்டும். ஏற்கெனவே இணை சேர்ந்த பெண் முட்டையிடத்தான் செய்யும். பொறி மருந்தல்ல, எச்சரிக்கை மணி.

* ஒரு பொறிக்கு ராத்திரிக்கு 8 பூச்சி வீதம் தொடர்ந்து 3 ராத்திரி விழுந்தால், நடவடிக்கை எடுக்கும் நேரம் வந்துவிட்டது.

* ஒவ்வொரு பூச்சிக்கும் வாசனை வேறு. காய்ப்புழு குப்பிக்கு மக்காச்சோளப் படைப்புழு வராது.

* குப்பியை வெறும் கையால் தொடாதீர்கள். பொதுவாக 3, 4 வாரத்தில் வாசனை தீர்ந்துவிடும், மாற்றுங்கள்.

* செடி வளர வளர, பொறியையும் செடிக்குச் சற்று மேலே இருக்கும்படி உயர்த்துங்கள்.

சந்தேகம் இருந்தால், ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கலாம். காலையில் காட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் பையைத் திறந்து எண்ணிவிடுங்கள். மருந்து அடிக்கணுமா வேண்டாமா என்பதை அந்த எண்ணிக்கை சொல்லட்டும்!