பால் தரும் மரமும் களைத்துப் போகும்

ஒரே நிரை, ஒரே நாளில் நட்ட கன்றுகள். வெட்டாமல் விட்ட ரப்பர் மரம் தூண் போலப் பருத்து நிற்கும். வெட்டுப்படும் மரமோ அந்தப் பருமனுக்கு வராது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. காரணம் என்ன?

இலை சமைக்கும் சர்க்கரைதான் மரத்தின் வருமானம். அதை வைத்தே தண்டும் பெருக்க வேண்டும், பாலும் ஊற வேண்டும். பால் என்பது மரத்துக்குக் காவல்; காயத்தில் வழிந்து, உறைந்து, அதை அடைக்கும். நாம் உளி வைக்கும் ஒவ்வொரு முறையும் மரம் போன பாலை ஈடுகட்டப் பார்க்கிறது. அந்தச் செலவு வளர்ச்சியில் கழிகிறது. சம்பளம் ஒன்று, செலவு இரண்டு. நம் வீட்டுக் கதைதான்!

எதற்கு எவ்வளவு என்று பங்கிடுவது மரத்தின் பிறவிக் குணம், மரபணுவில் உள்ளது. ஒட்டுக்கன்று என்பதால் ஒரு ரகத்து மரங்களுக்கெல்லாம் ஒரே குணம். சிலாங்கூரில் பிராங் பெசார் தோட்டம் தந்த ரகங்களைப் பாருங்கள். (அந்த மண்ணில்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது.) பி.பி. 235 தாராளக் கை. சுறுசுறுப்பாகப் பால் ஊறும். ஆனால் பட்டை காய்ந்து பால் நின்றுபோகும் கோளாறு அதற்குச் சீக்கிரம் வரும். பி.பி. 217 சிக்கனக்காரன். நிதானமாக ஊறும், பட்டையில் சர்க்கரை கையிருப்பு இருக்கும், அந்தக் கோளாறும் குறைவு.

பால் கூடுதலாக ஓடப் பட்டையில் எத்திபோன் மருந்து பூசுகிறார்கள். சிக்கனக்கார மரம் அதைத் தாங்கும். தாராளக்கார மரத்துக்கு அதே மருந்தும், ஓய்வில்லாத வெட்டும் சேர்ந்தால்? பட்டை காய்ந்துவிடும்.

காய்ந்ததும் என்ன பேச்சு? "வெட்டத் தெரியலை, மரத்தைக் கெடுத்துட்டான்!" எடை குறைகிறது, கூலி குறைகிறது, பழி மட்டும் வெட்டுகிறவர் தலையில். கைப்பிழையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ரகம் என்ன, மருந்து எத்தனை முறை, வெட்டு எத்தனை நாளைக்கு ஒன்று என்றும் கேட்க வேண்டாமா?

இன்று ரப்பரில் பெரும்பகுதி சிறுதோட்டக்காரர்கள் கையில். சொந்த மரம் வைத்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே! வெட்டுக்கோட்டில் பால் விட்டுவிட்டு வந்தால் அன்றே மரத்துக்குக் குறி போடுங்கள். மருந்தை நிறுத்தி ஓய்வு கொடுங்கள். தொடக்கத்திலேயே கண்டால் சில மரங்கள் தேறிவிடும். கூலிக்கு வெட்டுகிறவர்களும் குறி போட்டு, மேலே சொல்லிவிடுங்கள். நாளைக்குப் பழி வரும்போது அந்தக் குறி பேசும்.