தைலம் எதுவரை கைகொடுக்கும்?



"ஆன்டிபயாட்டிக் மாத்திரை இனி வேலை செய்யாது, கிராம்புத் தைலம் இரண்டு சொட்டு வெந்நீரில் விட்டுக் குடித்தால் போதும்" என்பது போன்ற செய்திகள் வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகின்றன. இதில் உண்மையும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. இரண்டையும் பிரித்து அறிந்துகொள்வது நம் குடும்பங்களுக்கு அவசியம்.

முதலில் உண்மையைப் பார்ப்போம். மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகி வருகின்றன. 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இக்கிருமிகளால் நேரடியாக இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போது பலவீனமான கிருமிகள் சாகின்றன, தாக்குப்பிடித்தவை பெருகுகின்றன. வைரஸால் வரும் சளிக்கு இம்மாத்திரை பயன்படாது. தேவையில்லாமல் அதை விழுங்கும் ஒவ்வொரு முறையும் இந்தப் பெருக்கத்துக்கு நாமே வழி செய்கிறோம்.

தைலங்களுக்குக் கிருமியைக் கொல்லும் சக்தி இருப்பதும் உண்மையே. கிராம்பில் யூஜெனால், ஓமத்தில் தைமால் என்ற பொருள்கள் இருக்கின்றன. கிருமியைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் கொழுப்பு உண்டு. எண்ணெய்த் தன்மையுள்ள இப்பொருள்கள் அதில் ஊடுருவி ஓட்டை போட, கிருமியின் உள்ளிருப்பவை கசிந்து அது சாகிறது. பல் மருத்துவர்கள் தற்காலிகமாகப் பல்லை அடைக்கும் கலவையில் யூஜெனால் சேர்ப்பதுண்டு. வாய் கொப்பளிக்கும் சில திரவங்களில் தைமால் இருக்கிறது.

நோயாளிகளிடம் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். எம்.ஆர்.எஸ்.ஏ. என்பது பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காத கிருமி. மூக்கிலும் தோலிலும் தங்கியிருந்த இக்கிருமியை அகற்ற, பிரிட்டனில் 224 நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு டீ ட்ரீ ஆயில் கலந்த களிம்பும் உடல் கழுவும் திரவமும், மற்றவர்களுக்கு வழக்கமான மருந்தும் கொடுத்தார்கள். 2004-இல் வெளியான முடிவின்படி, தைலப் பிரிவில் 41 சதவீதம் பேருக்கும் வழக்கமான மருந்தில் 49 சதவீதம் பேருக்கும் கிருமி நீங்கியது. தோலில் தைலம் நன்றாகவே வேலை செய்தது; மூக்கில் வழக்கமான மருந்தே முந்தியது.

இவை எல்லாமே உடலின் மேற்பரப்பில் செய்யும் வேலைகள் என்பதைக் கவனியுங்கள். இரத்தத்திலோ நுரையீரலிலோ சிறுநீரகத்திலோ உள்ள கிருமியைக் கொல்லும் அளவுக்குத் தைலம் குடித்தால் நம் உடலே தாங்காது. நம் உடல் செல்களைச் சுற்றியும் கொழுப்புச் சவ்வுதான் இருக்கிறது. நீலகிரித் தைலத்தைக் குடித்துவிட்ட குழந்தைகளுக்கு வலிப்பும் மயக்கமும், கிராம்புத் தைலம் குடித்த குழந்தைகளுக்குக் கல்லீரல் பாதிப்பும் வந்திருக்கின்றன.

கருஞ்சீரகத்தின் மீது நமக்குத் தனி மதிப்பு உண்டு. அதை உணவில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அதை நம்பி மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை:

- தைலம் எதையும் குடிக்கவோ குழந்தைகளுக்குப் புகட்டவோ வேண்டாம். கைக்குழந்தைகளின் மூக்கிலும் முகத்திலும் தடவ வேண்டாம்.

- கலக்காத தைலம் தோலைப் புண்ணாக்கலாம். தேங்காய் எண்ணெயில் சில சொட்டுகள் மட்டும் கலந்து, முதலில் கையில் சிறிதளவு தடவிப் பாருங்கள். திறந்த புண்ணில் விடாதீர்கள்.

- தைலப் புட்டிகளைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள், 108-ஐ அழையுங்கள்.

- சர்க்கரை நோய் உள்ளவர்களின் கால் புண், பரவும் சிவப்பு, சீழ், காய்ச்சல், மூச்சுத்திணறல் இவற்றில் எது இருந்தாலும் தைலம் தடவிக்கொண்டு நாள் கடத்தாதீர்கள்.

- மருத்துவர் எழுதாமல் ஆன்டிபயாட்டிக் வாங்காதீர்கள். எழுதிக் கொடுத்தால் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். மிச்சத்தை எடுத்து வைத்து அடுத்த காய்ச்சலுக்கோ பக்கத்து வீட்டாருக்கோ கொடுக்காதீர்கள்.

தலைவலிக்கும் மூக்கடைப்புக்கும் வீட்டில் பெரியவர்கள் தைலம் தேய்ப்பது தொடரட்டும். காய்ச்சலோடு துவளும் பிள்ளையை மட்டும் தைலத்தை நம்பி வீட்டில் வைத்திருக்க வேண்டாம். இதை உங்கள் வீட்டுப் பெண்களிடமும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்களிடமும் வாசித்துக் காட்டுங்கள்.