அரசியல் பயிலும் கூடங்கள் – 6: லண்டனில் ஒரு பேராசிரியர் பீடம்

சென்ற இதழில், ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை 1920ஆம் ஆண்டில் தத்துவம், அரசியல், பொருளாதாரம் ஆகிய மூன்றையும் ஒரே பட்டப்படிப்பாகப் பிணைத்த வரலாற்றைக் கண்டோம். தேம்ஸ் நதி ஓடும் திசையிலேயே நாமும் ஆக்ஸ்போர்டிலிருந்து லண்டனுக்கு வருவோமானால், பழைய கோபுரங்களோ பரந்த புல்வெளிகளோ இல்லாமல், நீதிமன்றங்களுக்கும் பத்திரிகை அலுவலகங்களுக்கும் அருகே, ஹௌட்டன் தெரு என்னும் குறுகிய வீதியில் வளர்ந்த கல்விக்கூடம் ஒன்றைக் காண்கிறோம். லண்டன் பொருளாதாரப் பள்ளி என்று நாம் சுருக்கமாக அழைக்கும் அந்த ஸ்தாபனத்தில், பொருளாதாரத்துக்குச் சமமான ஸ்தானம் அரசியல் சாஸ்திரத்துக்கும் தொடக்கம் முதலே உண்டு. அரசியலைக் கற்பிக்கும் ஆசிரியர் தமக்கென்று ஒரு கட்சி உடையவராக இருக்கலாமா, அப்படி இருப்பவரிடம் பயிலும் மாணாக்கன் சுயபுத்தியோடு வெளியே வர முடியுமா என்ற கேள்விகள் அங்கே எழுந்த அளவுக்கு வேறெங்கும் கூர்மையாக எழவில்லை என்பது என் எண்ணம்.

அதன் பிறப்பிலேயே அந்தச் சிக்கல் இருந்தது. ஹென்றி ஹச்சின்சன் என்ற வழக்கறிஞர் 1894ஆம் ஆண்டில் காலமானபோது, ஏறத்தாழ 20,000 பவுனை, சோஷலிசக் கொள்கையுடைய ஃபேபியன் சங்கத்தின் பிரசாரத்துக்கும் மற்றக் காரியங்களுக்குமாக எழுதிவைத்து, அதைச் செலவிடும் பொறுப்பை அச்சங்கத்தைச் சேர்ந்த சிட்னி வெப் முதலானவர்களிடம் விட்டுச் சென்றார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம், சர்ரே பிரதேசத்துப் பண்ணை வீடொன்றில் காலை உணவு வேளையில், வெப் தம்பதியரும் கிரஹாம் வாலஸும் பெர்னார்ட் ஷாவும் கூடியிருந்தபோது, அந்தப் பணத்தைக் கொண்டு ஒரு கல்விக்கூடம் காண்பது என்ற யோசனை உருவாயிற்று. சோஷலிசத்தைப் பரப்பக் கொடுத்த பணத்தை, எக்கட்சியையும் சாராத ஆராய்ச்சிக்குச் செலவிடுவது நியாயமா என்று பிற்பாடு ஷாவே ஆட்சேபித்தார். ஆயினும் வெப் தளரவில்லை; சமூகத்தின் நிலையை உள்ளபடி ஆராய்ந்தால் உண்மை தன் வழியைத் தானே கண்டுகொள்ளும் என்று நம்பியவர் அவர். 1895ல் பள்ளி திறக்கப்பட்டபோது, சோஷலிஸ்டு அல்லாத ஹூயின்ஸ் என்பவரையே முதல் தலைவராக நியமித்தார். ஒரு கொள்கையில் ஊறியவர்கள், தம் கொள்கைக்கு எதிரானதும் கற்பிக்கப்படக்கூடிய ஒரு மண்டபத்தைத் தம் கையாலேயே கட்டியது, கல்வி வரலாற்றில் எளிதில் காணக் கிடைக்காத பெருந்தன்மை.

அடுத்த ஆண்டே அங்கே ஒரு நூலகம் ஏற்பட்டது. அதில் முதலில் சேர்ந்தவை நகரசபைகளின் ஆண்டறிக்கைகளும், சர்க்கார் விசாரணைக் குழுக்களின் ஏடுகளும், வரவு செலவுக் கணக்குகளுமே என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். அரசியல் படிப்பு என்றதும் மகாத்மாக்களின் பிரசங்கங்களையும் தேசங்களின் புரட்சிகளையும் நினைக்கும் இளைஞனுக்கு இது சலிப்பூட்டலாம். ஆனால் இந்தச் சாஸ்திரத்தின் பிதா என்று சொல்லத்தக்க அரிஸ்டாட்டில் செய்ததும் இதுவே. அவரும் அவருடைய மாணாக்கர்களும் 158 ராஜ்யங்களின் ஆட்சி அமைப்புகளைத் திரட்டினார்கள் என்று பழைய நூல்கள் கூறுகின்றன. அவற்றுள் ஏதென்ஸைப் பற்றிய பகுதி பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்து, எகிப்திலிருந்து வந்த பாப்பிரஸ் சுருள்களில் கண்டெடுக்கப்பட்டு, 1891ல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தாரால் அச்சிடப்பட்டது. ரோமாபுரி ஆட்சிக் காலத்து எகிப்தில், ஒரு நிலச்சுவான்தாரின் காரியஸ்தர் முன்பக்கத்தில் பண்ணைக் கணக்கு எழுதிய அந்தச் சுருள்களின் பின்பக்கத்தில்தான் ஏதென்ஸின் அரசியல் வரலாறு பிரதி செய்யப்பட்டிருந்தது. அந்நூலையும் விளைச்சல் கணக்கையும் ஒரே ஏடு சுமந்து வந்திருப்பதை எண்ணும்போதெல்லாம், நம் மாணாக்கர்கள் இதையல்லவா முதற்பாடமாகக் காண வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பள்ளியின் தொடக்கத்திலிருந்தே அங்கே அரசியல் போதித்து, 1914ல் அதன் முதல் அரசியல் பேராசிரியராகவும் ஆனவர் வாலஸ். லண்டன் பள்ளிக்கூட வாரியத்திலும் நகர நிர்வாகத்திலும் பல்லாண்டுகள் உழைத்த அவர், 1908ல் எழுதிய ‘அரசியலில் மனித இயல்பு’ என்ற நூலில், மனிதன் தன் லாபநஷ்டங்களைச் சீர்தூக்கிப் பார்த்தே வாக்களிக்கிறான் என்ற அக்காலத்துப் பொது நம்பிக்கையை மறுத்தார். வாக்குப்பதிவு முடியும் தறுவாயில், ஏழைகள் வாழும் ஒரு பேட்டையின் சாவடிக்கு அவசர அவசரமாக வண்டிகளில் ஏற்றி வரப்பட்டவர்களின் திகைத்த முகங்களை அவர் பார்த்திருந்தார். பழக்கமும், அச்சமும், ஒரு பெயரின் ஓசையும், ஒரு கொடியின் நிறமும் மனிதனை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்கின்றன என்பதை நேரில் கண்டவர் எழுதிய நூல் என்பதாலேயே, அது இன்றும் நம் ஊர்த் தேர்தல்களை விளக்கிக்கொள்ள உதவுகிறது.

வாலஸுக்குப் பின், 1926ல் அந்தப் பீடத்தில் அமர்ந்தவர் ஹாரால்டு லாஸ்கி. மான்செஸ்டர் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் 1893ல் பிறந்தவர். மெலிந்த சிறிய உருவமும், வட்டக் கண்ணாடியும், குறிப்பேதும் இல்லாமல் மணிக்கணக்கில் பேசும் ஞாபகசக்தியும் வாய்ந்தவர். அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் போதித்துக்கொண்டிருந்த காலத்தில், 1919ல் பாஸ்டன் நகரத்துப் போலீஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பக்கம் பேசினார். அதன் விளைவாக மாணவர் பத்திரிகை ஒன்று ஓர் இதழ் முழுவதையும் அவரைத் தூற்றுவதற்கென்றே ஒதுக்கியது. சர்வகலாசாலைத் தலைவர் லோவல், லாஸ்கியின் கருத்தை ஏற்காதவராக இருந்தும், அவரை விலக்க மறுத்துவிட்டார். மறு ஆண்டு லாஸ்கி தாயகம் திரும்பி லண்டன் பள்ளியில் சேர்ந்தார். 1925ல் வெளிவந்த ‘அரசியலின் இலக்கணம்’ என்ற அவருடைய பெருநூல், நம் தேசத்துக் கல்லூரிகளிலும் இரண்டு தலைமுறைகள் கையாண்ட நூல்.

அவரை நம்மவர்கள் எதற்காகவேனும் நினைவுகூர வேண்டுமானால், 1924ஆம் ஆண்டில் நடந்த ஒரு வழக்குக்காகவே முதலில் நினைவுகூர வேண்டும். சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவரும், ஜாலியன்வாலா பாக் கொடுமைக்குப் பின் வைசிராயின் நிர்வாக சபையிலிருந்து விலகியவருமான சர் சங்கரன் நாயர், பஞ்சாபில் நடந்த அக்கிரமங்களுக்கு அம்மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் ஓட்வயரே பொறுப்பாளி என்று ஒரு நூலில் எழுதினார். ஓட்வயர் லண்டனில் மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். ஐந்து வாரங்கள் நடந்த அவ்விசாரணையில், நீதிபதி மக்கார்டி தம் மனம் எப்பக்கம் சாய்கிறது என்பதை ஒளிக்கவே இல்லை. அமிர்தசரஸில் சுட ஆணையிட்ட டயரின் செயல் சரியே என்றும் ஜூரிகளிடம் கூறினார். ஜூரிகளில் பதினொருவர் ஓட்வயருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். மாறாக நின்ற ஒருவர், அப்போது முப்பது வயதே நிரம்பியிருந்த லாஸ்கி. நாயர் 500 பவுன் நஷ்டஈடும் வழக்குச் செலவும் கொடுக்க நேர்ந்தது. மன்னிப்புக் கேட்டால் பணத்தை விட்டுக்கொடுப்பதாக எதிர்த்தரப்பார் சொன்னபோது, அவர் கேட்க மறுத்தார். ஆட்சியின் சொல்லையும் சான்றையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்கும் பழக்கம் ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு, ஆளும் இனத்தார் நிறைந்த அந்த ஜூரிப் பெட்டியில் அவர் தனியே நின்றதைவிடத் தக்க உதாரணம் வேறு வேண்டியதில்லை.

லாஸ்கியிடம் குறை இல்லாமல் இல்லை. தொழிற்கட்சியின் தலைவராக 1945ல் அவர் பொறுப்பேற்றிருந்த காலத்தில் பேசிய மேடைப் பேச்சுகள் அவர் கட்சியின் பிரதம மந்திரி அட்லிக்கே சங்கடத்தை விளைவித்தன. பலாத்காரப் புரட்சியை ஆதரித்ததாகத் தம்மீது எழுதிய பத்திரிகையை எதிர்த்து அவரே தொடுத்த வழக்கில், 1946ல் தோற்றும் போனார். கட்சிப் பணி அவருடைய ஆராய்ச்சியின் ஆழத்தைக் குறைத்தது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அதே கட்டிடத்தில், சோஷலிசத்தின் தீவிர எதிரியான ஹயெக் 1931 முதல் பொருளாதாரம் போதித்துவந்தார் என்பதை மறக்கலாகாது. ஒரு மாணாக்கன் காலையில் ஒருவரையும் மாலையில் மற்றவரையும் கேட்கலாம். இருவரில் எவர் சொல் பிரமாணம் என்று தானே தேறலாம். ஆசிரியர் கட்சி உடையவராக இருப்பதல்ல தீங்கு. கல்விக்கூடம் ஒரே கட்சி உடையதாக இருப்பதே தீங்கு.

அங்கே பயின்ற நம் நாட்டவர் ஒருவரையும் இங்கே சொல்ல வேண்டும். திருவிதாங்கூர் நாட்டு உழவூர் என்னும் சிற்றூரில், தீண்டாமைக் கொடுமைக்கு ஆளாகியிருந்த ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, நாள்தோறும் பல மைல் நடந்தே பள்ளி சென்ற கே. ஆர். நாராயணன், சென்னையில் ‘இந்து’ பத்திரிகையிலும் பணிபுரிந்த பின், டாடா உதவிச் சம்பளம் பெற்று 1945ல் லண்டன் சென்று லாஸ்கியிடம் அரசியல் பயின்றார். 1948ல் தாயகம் திரும்பும்போது, நேருஜிக்கு லாஸ்கி எழுதிய அறிமுகக் கடிதம் ஒன்று அவரிடம் இருந்தது. நேருஜியுடன் நடந்த சந்திப்பின் முடிவில், விடைபெறும் சமயத்திலேயே நாராயணன் அதைக் கொடுத்தார். அயல்நாட்டுத் தூதராகவும், மந்திரியாகவும், 1997ல் குடியரசுத் தலைவராகவும் அவர் உயர்ந்ததைப் பலரும் அறிவர். உத்தரப்பிரதேச மந்திரிசபையைக் கலைக்கும்படி 1997 அக்டோபரில் ஒரு மத்திய மந்திரிசபையும், பீகார் மந்திரிசபையைக் கலைக்கும்படி 1998 செப்டம்பரில் அதற்கு நேர்மாறான கட்சியினரின் மந்திரிசபையும் பரிந்துரைத்தபோது, இரண்டு கோப்புகளையுமே மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியவர் அவர். எக்கட்சிக்கு நன்மை என்று பாராமல், அத்தகைய கலைப்புக்கு இடமளிக்கும் நம் அரசியல் சாசனத்தின் 356ஆவது ஷரத்தின் கருத்து என்ன என்று மட்டும் பார்க்கும் கண் அவருக்கு இருந்தது.

1950 மார்ச்சில் லாஸ்கி மறைந்தார். அவருடைய பீடத்துக்கு 1951ல் வந்த மைக்கேல் ஓக்ஷாட், கேம்பிரிட்ஜில் பயின்ற தத்துவவாதி. லாஸ்கி நம்பியவற்றுள் பெரும்பாலானவற்றை நம்பாதவர். கொள்கை நூல் ஒன்றை முதலில் வகுத்துக்கொண்டு அதன்படி சமுதாயத்தை அமைத்துவிடலாம் என்ற எண்ணமே பிழை, ஒரு ஜனசமூகத்தின் வாழ்ந்துவரும் பழக்கவழக்கங்களிலிருந்தே அரசியல் பிறக்கிறது என்பது அவருடைய முதல் பிரசங்கத்தின் சாரம். பிற்பாடு எழுதிய ஒரு கட்டுரையில் அவர் இன்னும் ஒரு படி மேலே சென்றார்: அரசியல்வாதியாவதற்கு வேண்டிய தொழிற்பயிற்சியைக் கொடுப்பது சர்வகலாசாலையின் வேலை அல்ல, வரலாற்றாசிரியனும் தத்துவ ஆசிரியனும் எவ்வாறு சிந்திக்கிறார்கள் என்பதைக் கற்பிப்பதே அதன் வேலை என்றார். இதில் பாதியை நான் மனமார ஏற்கிறேன். பிளேட்டோவையும் ஹாப்ஸையும் இன்றைய கட்சிகளின் துண்டுப்பிரசுரங்களாக வாசிக்கும் வகுப்பறையால் எவருக்கும் பயனில்லை. ஆனால் பல நூற்றாண்டுகளாகத் தம்மைத் தாமே ஆண்டுவந்த ஆங்கிலேயருக்குப் பழக்கம் போதுமானதாக இருக்கலாம். நம் அரசியல் சாசனமோ பழக்கத்திலிருந்து ஊறி வந்ததன்று, வாதித்து எழுதப்பட்டது. அந்த வாதத்தை அறியாதவன், சாசனத்தின் சொற்களை மனப்பாடம் செய்தும் அதன் உயிரை அறியான்.

நம் பக்கத்தில் இந்தக் கல்விக்கு நெடிய வரலாறு உண்டு. சென்னை சர்வகலாசாலை 1937லேயே பொது நிர்வாகத்தில் டிப்ளமா படிப்பை ஏற்படுத்தியது. லயோலா கல்லூரியில் ஆசிரியராயிருந்த அப்பாதுரை 1942ல் எழுதிய அரசியல் பாடநூலை இந்தியா முழுவதும் மாணாக்கர்கள் படித்தார்கள். அத்தகைய தொடக்கம் கண்ட நாட்டில், இன்று பல கல்லூரிகளில் அரசியல் அறிவியல் என்பது, இறைமை என்றால் என்ன, கூட்டாட்சியின் லட்சணங்கள் எவை என்று உருப்போட்டு எழுதி முடிக்கும் பாடமாகச் சுருங்கிவிட்டதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

அதே லண்டன் பள்ளியில் பயின்று 1923ல் டாக்டர் பட்டம் பெற்ற அம்பேத்கர், பின்னாளில் 356ஆவதாக எண்ணிடப்பட்ட அந்த ஷரத்தைப் பற்றி, 1949 ஆகஸ்டு 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் பேசினார். அது கையாளப்படாமல் ஏட்டளவிலேயே கிடக்க வேண்டும் என்று தாம் விரும்புவதாகவும், கையாள நேர்ந்தால் முதலில் எச்சரிக்கை கொடுக்கப்பட வேண்டும் என்றும் அவர் சொன்னார். எதிர்த்துப் பேசியவர்களின் அச்சங்களும் அதே பக்கங்களில் அச்சாகியிருக்கின்றன. பன்னிரண்டு தொகுதிகளாக அவ்விவாதங்கள் எந்தப் பெரிய நூலகத்திலும் கிடைக்கின்றன. அரசியல் கற்பிக்கும் ஆசிரியர்கள், இந்த ஆண்டு ஒரே ஒரு வாரமேனும் பாடநூலை மூடிவைத்துவிட்டு, அந்த ஒரு நாளின் விவாதத்தை மாணாக்கர்களைக் கொண்டே உரக்க வாசிக்கச் செய்து, அவர்கள் எப்பக்கம் நிற்கிறார்கள், ஏன் நிற்கிறார்கள் என்று கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

(தொடரும்)