ரிப்போர்ட் நார்மல், அவசரம் மட்டும் நிற்கவில்லை

யூரின் டெஸ்டில் கிருமி இல்லை. ஸ்கேனில் கல் இல்லை. சர்க்கரையும் அளவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அரை மணிக்கொரு தரம் முட்டிக்கொண்டு வருகிறது. இப்படி வருகிறவரிடம் "உங்களுக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லி அனுப்புவது அநியாயம். அவர் படும் அவஸ்தை நிஜம்.

அடக்கி வைப்பது மூளை

பெரியவர்களின் சிறுநீர்ப்பையில் 300 முதல் 500 மி.லி. வரை நீர் தங்கும். அது நிறைவதற்கு வெகு முன்பே மூளைக்குச் செய்தி போய்விடும். உடனே வெளியேற்றாமல் 'கொஞ்சம் பொறு' என்று அடக்கி வைப்பது, நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்பகுதி. பதற்றம் கூடினால் இந்தப் பிடி தளர்கிறது. சிறிதளவு நீரும் பெரிய முட்டலாகத் தெரிகிறது. பரீட்சை ஹால் வாசலில் திரும்பத் திரும்பப் போகத் தோன்றுவது இதனால்தான். நேர்மாறாக, பக்கத்தில் ஆள் நின்றால் சொட்டுகூட வராதவர்களும் உண்டு. இந்தத் தொல்லையை 1954-லேயே உளவியல் ஆய்வாளர்கள் பதிவு செய்துவிட்டார்கள். நம் ஊரில் இன்னும் யாரும் வெளியே சொல்வதில்லை.

'எதற்கும் ஒரு தடவை'

அடக்க முடியாமல் போகுமோ என்ற பயம் வந்ததும் பழக்கங்கள் மாறுகின்றன. கிளம்புமுன் எதற்கும் ஒரு தடவை, போய்ச் சேர்ந்ததும் ஒரு தடவை. கால்வாசி நிறைந்ததுமே காலி செய்து காலி செய்து, சிறுநீர்ப்பை அந்த அளவுக்கே கூப்பிடப் பழகிவிடுகிறது. பஸ் பயணம் என்றால் பல பெண்கள் காலையிலிருந்தே தண்ணீரைத் தொடுவதில்லை. வழியில் நல்ல கழிப்பறை இல்லாதபோது அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நீர் செறிந்து கடுக்கும். கல், கிருமித்தொற்று இரண்டுக்கும் இடம் கொடுக்கும்.

சிகிச்சை

சிறுநீரில் ரத்தம், காய்ச்சல், எரிச்சல், நீர் மெலிந்து வருவது, இரவில் பலமுறை எழுவது: இவை இருந்தால் மனசுதான் காரணம் என்று தள்ளிப்போடக் கூடாது. முதலில் சிறுநீரக மருத்துவர் பார்க்க வேண்டும்.

அவர் வேறு நோய் இல்லை என்றால், மூன்று நாள் நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு வந்தது, என்ன குடித்தீர்கள். மருத்துவருக்கு அந்த நோட்டு பல விஷயங்களைச் சொல்லும். பிறகு பயிற்சி. முட்டும்போது ஓடாமல் உட்கார்ந்து, இடுப்புக்கு அடியிலுள்ள தசைகளைச் சில தடவை சுருக்கி, அலை தணிந்ததும் நிதானமாகப் போக வேண்டும். இடைவெளியைக் கால் மணி, கால் மணியாகக் கூட்டினால் சில வாரங்களில் பலன் தெரியும். அடிவயிற்றில் வலியும் இறுக்கமும் உள்ளவர்களுக்குத் தசையைச் சுருக்கும் பயிற்சி பொருந்தாது. அவர்களுக்குத் தசையைத் தளர்த்தத்தான் பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தருவார். பதற்றம் ஆழமாக இருந்தால் உளவியல் ஆலோசனையும் சேர வேண்டும்.

சிறுநீர்ப்பை வலிக்குச் சிலருக்கு அமிட்ரிப்டிலின் எழுதுவார்கள். நோயாளிகள் நெட்டில் தேடி, 'இது மனச்சோர்வு மாத்திரை' என்று பார்த்ததும் நிறுத்திவிடுகிறார்கள். குறைந்த அளவில் அது வலி நரம்புகளைத் தணிக்கவே தரப்படுகிறது. இதை மருத்துவர், சீட்டு எழுதும்போதே சொல்லிவிட வேண்டும்.