கணுக்காலைக் கடிக்கும் குட்டி

போன தை மாதம் காப்பிப் பழம் பறிக்க வந்த பெண்ணின் ஏழு வயது மகனை, எங்கள் தோட்டத்துக் குட்டி நாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. கோபத்தில் கடித்த கடி இல்லை. பையன் செடிகளுக்கு நடுவே ஓடினான், குட்டி துரத்தியது, அவன் கத்தக் கத்த அதற்கு உற்சாகம் ஏறியது. பால் பல் ஊசி மாதிரி இருக்கும். இரண்டு இடத்தில் ரத்தம் எட்டிப் பார்த்தது.

அந்தப் பெண் உடனே சுருக்குப் பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்தார். "வேண்டாம்மா" என்று தடுத்து, குழாயடியில் உட்கார வைத்து, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவினோம். பிறகு வண்டியில் ஏற்றிக்கொண்டு செம்மேட்டு அரசு மருத்துவமனைக்கு. ரத்தம் கசிந்த கடி என்பதால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி சீரமும் போட்டார்கள். அதன்பின் 3, 7, 28ஆம் நாட்களில் ஊசி. அந்த நாட்களுக்கான கூலியை நான் கொடுத்தேன். கொடுக்காமல் எப்படி? நான்கு மாதக் குட்டிக்கு மூன்றாம் மாதமே போட்டிருக்க வேண்டிய ஊசியை, 'நாமக்கல் போகும்போது பார்த்துக்கலாம்' என்று தள்ளிப் போட்டவன் நான். தவணையைத் தள்ளிப் போட்டவர்களிடம் முப்பது வருஷம் கறாராகப் பேசியவன்!

இந்த இடத்தில் நம் ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல், பயிருக்குப் பஞ்சகவ்யம் என்று வாழ்கிறோம், சரி. வெறிநாய்க் கடிக்குப் பச்சிலை கிடையாது. நோய்க்குறி தெரிந்துவிட்டால் அநேகமாகப் பிழைக்கவே முடியாத நோய் அது. மஞ்சள், மிளகாய், காப்பித் தூள், சுண்ணாம்பு எதையும் கடிவாயில் வைக்காதீர்கள். குட்டிதானே, கீறல்தானே என்றும் இருக்காதீர்கள்.

குட்டியைப் பத்து நாள் தனியாக வைத்துக் கவனித்தோம். நன்றாகவே இருந்தது. ஊசியும் போட்டாயிற்று. ஆனால் பறிக்க வருகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டி வருவதை நிறுத்திவிட்டார்கள். பையனின் அம்மா சொன்னது: "மேனேஜர் சார், பேசாம கீழ காரவள்ளியில கொண்டுபோயி விட்டுட்டு வந்துருங்க." எழுபது கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே விட்டால் நமக்குத் தொல்லை விட்டது. அங்கே இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு ஆரம்பிக்கும். அதோடு, அன்னாசிக் காட்டில் ராத்திரி பன்றி வந்தால் குரல் கொடுக்க எனக்கு ஒரு நாய் வேண்டும்.

முதலில் செய்ததெல்லாம் தப்பு. வேப்பங்குச்சியால் மூக்கில் ஒரு தட்டு. குட்டி அதையும் விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு குச்சியைக் கடித்தது. கொஞ்சம் பலமாகத் தட்டியதும் என் கை பக்கத்தில் வந்தாலே உறுமத் தொடங்கியது. கையைக் கண்டு பயப்படுகிற நாய்தான் பிற்காலத்தில் நிஜமாகக் கடிக்கும். அப்புறம் கணுக்காலில் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தேன். வேட்டி கறையானதுதான் மிச்சம். நாள் முழுக்கக் கட்டிப் போட்டேன். அவிழ்த்துவிட்ட அடுத்த நிமிடம் இரண்டு மடங்கு ஆட்டம்.

தெரிந்த கால்நடை மருத்துவர் போனில் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாளில் தாயிடமிருந்து பிரிச்சீங்க?" ஐந்து வாரத்தில். அங்கேதான் கோளாறு. கூடப் பிறந்த குட்டிகளோடு உருளும்போது ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது 'வீல்' என்று கத்திவிட்டு விளையாட்டை விட்டுப் போய்விடும். இவ்வளவு அழுத்தினால் விளையாட ஆள் இருக்காது என்று குட்டி படிப்பது அப்படித்தான். எட்டு வாரமாவது தாயோடு இருக்க வேண்டும். நம் குட்டி அந்தப் பாடம் படிக்காமலே மலையேறிவிட்டது. நான்கு மாதத்திலிருந்து ஆறேழு மாதம் வரை பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும். ஈறு ஊறும், எதையாவது மென்றே ஆக வேண்டும்.

ஆகவே பாடத்தை நாங்கள் நடத்தினோம். பல் தோலில் பட்டதும் கையை இழுக்கக் கூடாது. இழுத்தால் துரத்தும். அசையாமல் நின்று, பேசாமல், முகத்தைப் பார்க்காமல், அரை நிமிடம் படலுக்கு அந்தப் பக்கம் போய்விடுவது. திரும்பி வந்து பழையபடி விளையாடுவது. மறுபடி பல் பட்டால் மறுபடி படல். முதல் நாள் சாயங்காலம் இருபது தடவைக்கு மேல் போய் வந்தேன். முட்டி வலி கண்டுவிட்டது. மெல்லுவதற்கு, முடிச்சுப் போட்ட பழைய பருத்தித் துணியை ஊற்றுத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தோம். சோறு வைக்கும் முன் 'உட்கார்', உட்கார்ந்த பிறகுதான் தட்டு.

தூக்கத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. இந்த வயதுக் குட்டி நாளில் 16 மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்க வேண்டும். எங்கள் களத்திலோ காலையிலிருந்து ஆள் நடமாட்டம், கோழி, ஆடு. சாயங்காலம் அது பேய் பிடித்த மாதிரி காலைக் கவ்வியது தூக்கம் கெட்டதால்தான். மதியம் இரண்டு மணி நேரம் மாட்டுக் கொட்டகையின் இருட்டு மூலையில் படுக்க வைத்ததும் பாதி கடி குறைந்தது.

நாயைவிட மனிதர்களைப் பழக்குவதுதான் பெரிய வேலை. நான் படலுக்கு அந்தப் பக்கம் போய் நிற்பேன். என் மனைவி, "பாவம், குட்டி" என்று மடியில் தூக்கிக் கை விரலைக் கடிக்கக் கொடுப்பாள். கவாத்துக்கு வருகிற தம்பி வேட்டி நுனியை ஆட்டி வேடிக்கை காட்டுவான். ஒருவர் தடுத்து மூன்று பேர் அனுமதித்தால், எப்போதாவது கிடைக்கும் என்று குட்டி விடாமல் முயலும். கடைசியில் எல்லோரையும் திண்ணையில் உட்கார வைத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. கிளைக் கூட்டம் நடத்திய பழக்கம் உதவியது.

பங்குனிக் கடைசியில் கடி நின்றது. கை பட்டால் இப்போது நக்குகிறது. அந்தப் பையன் சித்திரையில் அம்மாவோடு வந்தான். ஓடாமல் கையைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி நிற்கச் சொல்லிக் கொடுத்தேன். குட்டியைக் கயிற்றில் பிடித்திருந்தேன். அது மோந்து பார்த்துவிட்டு அவன் காலடியில் உட்கார்ந்தது. அவன் அம்மா மட்டும் கூடையைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஆட்டுக்குட்டிகள் துள்ளி ஓடினால் மட்டும் இன்னும் பின்னங்காலைக் கவ்வப் போகிறது. அதனால் ஆடு திரும்பும் நேரத்தில் கயிறு என் கையில்தான்.