பழைய புல்லட்டுக்குப் புதிய கார்புரேட்டர்

மனிதனுக்குச் சோறும் மூச்சும் வேறு வேறு வழியில் உள்ளே செல்கின்றன. பெட்ரோல் எஞ்சினுக்கோ இரண்டும் ஒரே வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும். அந்த வாசலில் நின்று, இவ்வளவு காற்றுக்கு இவ்வளவு பெட்ரோல் என்று அளந்து அனுப்பும் கணக்கப்பிள்ளைதான் கார்புரேட்டர். கணக்குத் தவறினால் எல்லோரும் முதலில் குற்றம் சொல்வது கணக்கப்பிள்ளையைத்தான். ஆனால் திருட்டுப் போவது பல நேரங்களில் கொல்லைப்புற வழியாக! இதை நான் பட்டுத்தான் அறிந்துகொண்டேன்.

எங்கள் வீட்டில் 1960களைச் சேர்ந்த புல்லட் 350 ஒன்று உண்டு. 1955இல் சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் உருவாக்கிய வண்டி. ஒற்றைச் சிலிண்டர், விட்டம் 70 மி.மீ., வீச்சு 90 மி.மீ., கொள்ளளவு 346 கன செ.மீ. சங்கரன்கோவில் விசைத்தறிகளில் நெய்த துணிக்கட்டுகளை அப்பா அதில்தான் கடைகளுக்கு ஏற்றிச் செல்வார். அதிலிருந்த ஆமால் மோனோபிளாக் கார்புரேட்டர் தேய்ந்து, உள்ளே ஏறி இறங்கும் சறுக்கு வால்வு லொடலொடவென்று ஆடியது. அதைக் கழற்றிவிட்டு, மிகுனி அமைப்பைத் தழுவிய 24 மி.மீ. மிக்கார்ப் ஒன்றைப் பொருத்தினேன். தொல்லை அன்றுதான் தொடங்கியது.

நின்ற நிலையில் எஞ்சின் ஒரு சீராக ஓடாமல் ஏறி இறங்கியது. ஆக்சிலேட்டரை மூடினால் சைலன்சரில் படபடவென்று வெடித்தது. பத்து மைல் ஓடுவதற்குள் கொதித்தது. பெட்ரோல் போதவில்லை என்று முடிவுகட்டி, மூன்று வாரம் மெயின் ஜெட்டைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். பயனில்லை. ஒரு சித்திரை மாத நண்பகலில், திருநெல்வேலி சாலையில் தேவர்குளம் தாண்டியதும் எஞ்சின் நின்றது. கிக்கர் இறங்க மறுத்தது. சூடு மிகுந்து பிஸ்டன் பிடித்துக்கொண்டிருந்தது. துணிக்கட்டோடு அப்பா வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றார். சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேராததால் அந்த வாரக் கூலியும் போயிற்று. “இனி இதை இரும்பு விலைக்குப் போட்டுவிடலாம்” என்றார். பதினைந்து நாள் தவணை கேட்டேன். அந்தப் பதினைந்து நாளில் கற்றதே இக்கட்டுரை.

கணக்கப்பிள்ளையின் கணக்கு

ஒடுங்கிய குழாயில் காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. பெர்னூலி 1738இல் எழுதிய நூலும், வெஞ்சூரி 1797இல் வெளியிட்ட ஆய்வும் நமக்கு உணர்த்தும் உண்மை இது. அழுத்தம் குறைந்த அந்த இடத்தில் பெட்ரோல் தானே மேலெழுந்து தூவானமாகக் காற்றில் கலக்கிறது. பெட்ரோல் ஒரு பங்கு முழுமையாக எரிய, எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் இதைவிடக் குறைந்தால் மெலிந்த கலவை. கூடினால் செறிந்த கலவை. மெலிந்த கலவையில் ஓடும் எஞ்சின் கொதிக்கும். செறிந்த கலவையில் ஓடுவது கரும்புகை கக்கும்.

கணக்கப்பிள்ளை ஒருவரே ஆனாலும் அவரிடம் நான்கு ஏடுகள் உள்ளன. ஆக்சிலேட்டர் திறப்பு எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் பொறுப்பு. அதிலிருந்து கால் பங்கு வரை சறுக்கு வால்வின் அடியிலுள்ள வெட்டு. கால் முதல் முக்கால் வரை சறுக்கு வால்வில் தொங்கும் ஊசி. அதற்கு மேல்தான் மெயின் ஜெட். ஒன்று முடிந்த பிறகே அடுத்தது தொடங்கும் என்பதில்லை. ஓரங்களில் ஒன்றையொன்று தழுவியே நடக்கும்.

என் பிழை இங்கேதான். கட்டு ஏற்றிய வண்டி பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குத் திறப்பில்தான் ஓடியது. நானோ முக்காலுக்கு மேல் திறக்கிற ஏட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன்! ஆகவே, முதலில் கைப்பிடியில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போடுங்கள். குறை எந்தக் கோட்டில் வருகிறது என்று பார்த்து அந்த ஏட்டை மட்டும் திறவுங்கள்.

மெலிவா, செறிவா என்று அறியவும் எளிய வழி உண்டு. ஓட்டத்தில் குறை தெரியும்போது சோக்கைச் சற்றே போடுங்கள். நிலைமை தேறினால் கலவை மெலிந்திருக்கிறது, மோசமானால் செறிந்திருக்கிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வெளுத்திருப்பது மெலிவையும், கரி படிந்திருப்பது செறிவையும் காட்டும்.

கொல்லைப்புற வழி

கார்புரேட்டரைத் தொடுமுன் மற்றவற்றைச் சோதிப்பதே முறை. இந்த எஞ்சினில் பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் டேப்பெட் தண்டுகள் மேலும் கீழும் ஆடாமல், விரலால் சுழற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருந்தால் பெட்ரோல் இறங்காது. இவை மூன்றும் என் வண்டியில் சரியாகவே இருந்தன.

அடுத்து, கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் மூட்டைப் பார்த்தேன். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, அந்த மூட்டைச் சுற்றிலும் கெட்டியான கிரீசைத் தடவினேன். ஏறி இறங்கிய ஓட்டம் சட்டென்று சீரானது! அளக்கப்படாத காற்று அந்த மூட்டின் வழியே நுழைந்துகொண்டிருந்தது. கார்புரேட்டரைக் கழற்றி அதன் விளிம்பைக் கண்ணாடிப் பலகையில் வைத்தேன், நடுப்பகுதி படியவில்லை. கசியக்கூடாது என்று இரண்டு நட்டுகளையும் நானே அளவுக்கு மீறி முறுக்கியதால் மெல்லிய உலோகம் வில்லாக வளைந்திருந்தது.

கண்ணாடியின்மேல் நைஸ் உப்புத்தாளை விரித்து, விளிம்பை எட்டு வடிவில் தேய்த்துச் சமமாக்கினேன். தூளை நன்றாகக் கழுவி, புதிய பேக்கிங் வைத்து, இரு நட்டுகளையும் மாறி மாறி அளவோடு முறுக்கினேன். பிஸ்டனில் விழுந்திருந்த கீறல்கள் ஆழமில்லாதவை. மழித்துச் சரிசெய்ய முடிந்தது.

டியூன் செய்யும் ஒழுங்கு

பெரிதாக்கிய ஜெட்டுகளை எடுத்துவிட்டுப் பழையவற்றையே மாட்டினேன். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஏர் ஸ்க்ரூவை மெல்ல முழுதும் மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்தேன். பிறகு கால் சுற்றாக அங்குமிங்கும் திருப்பி, எஞ்சின் மிக வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தில் நிறுத்தி, ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறைத்தேன். இந்தக் கார்புரேட்டரில் ஏர் ஸ்க்ரூவைத் திறந்தால் கலவை மெலியும், மூடினால் செறியும்.

ஊசியின் கிளிப்பைக் கீழ்வரிக்கு மாற்றினால் ஊசி உயர்ந்து கலவை செறியும். மேல்வரிக்கு மாற்றினால் மெலியும். மெயின் ஜெட்டில் பொறித்த எண் கூடினால் துளை பெரிது. எனக்குப் பொருந்திய எண்களை இங்கே எழுதவில்லை. சைலன்சரும் காற்று வடிகட்டியும் மாறினால் எண்ணும் மாறும்.

இன்றைய எரிபொருளையும் மறக்கலாகாது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023இல் அறிமுகமாகி, 2025இல் நாடெங்கும் பரவியது. எத்தனால் தன்னுள்ளேயே ஆக்சிஜனைக் கொண்டது. ஆகையால் இந்தக் கலவைக்கு 14.7க்குப் பதில் ஏறத்தாழ 13.5 பங்கு காற்றே போதும். பழைய ஜெட்டும் ஊசியும் பழைய அளவையே கொடுப்பதால் எஞ்சின் சற்று மெலிந்தே ஓடும். கசிவை அடைத்த பிறகும் பாதித் திறப்பில் எஞ்சியிருந்த சூட்டுக்கு இதுவே காரணம் என்று கண்டேன். கிளிப்பை ஒரே ஒரு வரி இறக்கினேன்; சூடு தணிந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரையும் அரிக்கும். வண்டியை நெடுநாள் நிறுத்துவதானால் மிதவைக் கிண்ணத்தைக் காலி செய்துவிட வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். மாற்றியதை நோட்டில் குறிப்பது. பயனில்லையேல் பழைய நிலைக்குத் திரும்புவது. இம்மூன்றையும் முதல் நாளே கடைப்பிடித்திருந்தால் அப்பா வெயிலில் நின்றிருக்க மாட்டார். குறை எங்கே என்று அறியாமல் திருகைத் திருப்புவது வைத்தியமன்று; ஒரு நோயை மறைக்க இன்னொரு நோயை உண்டாக்குவதாகும்.

தவணை முடிந்த அன்று அப்பா கட்டை ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிக்குப் புறப்பட்டார். மாலையில் திரும்பியவர் ஒன்றும் சொல்லவில்லை. எஞ்சின்மேல் கையை ஒரு கணம் வைத்துப் பார்த்துவிட்டு, வண்டியைத் துடைக்கப் பழந்துணி எடுத்துவரச் சொன்னார். இரும்பு விலையைப் பற்றிய பேச்சு அதன்பின் எங்கள் வீட்டில் எழவே இல்லை.