எடையில் தொடங்குங்கள்: மாங்கேணிக்கு ஏற்ற கமராவும் முதுகுப்பையும்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை வீதியில் வாழைச்சேனையைத் தாண்டி வடக்கே போனால் காயங்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என்று ஊர்கள் வரிசையாக வரும். கிழக்கே கடல். மேற்கே வயலும் பற்றைக்காடும். வடக்கே பனிச்சங்கேணிக் களப்பு, அதன் ஓரத்தில் கண்டல். சூரியன் கடலில் எழுந்து காட்டுப் பக்கம் விழும். விடியலில் நிலக்காட்சி, காலையில் பறவை, மாலையில் களப்பு நீரில் செவ்வானம் என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் படம்பிடிக்கலாம்.

சிக்கல் என்னவென்றால், நிலக்காட்சியும் பறவையும் இரு வேறு கருவிகளைக் கேட்பவை. இரண்டையும் ஒரே முதுகில் சுமந்து, மணலில் நடந்து, எட்டு மணிக்கே சுடத் தொடங்கும் வெயிலைத் தாங்க வேண்டும். ஆகவே, "எந்தக் கமரா நல்லது?" என்று கேட்பதற்கு முன், "எவ்வளவு எடையை எவ்வளவு தூரம் சுமப்பேன்?" என்று கேட்டுக்கொள்வது நல்லது. மற்ற முடிவுகள் எல்லாம் அதிலிருந்து வரும்.

தூரத்தின் கணக்கு

லென்ஸின் குவியத்தூரத்தைப் பொருள் நிற்கும் தூரத்தால் வகுத்துப் பொருளின் உயரத்தால் பெருக்குங்கள். சென்சரில் விழும் உருவத்தின் உயரம் கிடைத்துவிடும். சங்குவளை நாரை ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரம். அது 50 மீற்றர் தள்ளி நிற்கிறது. உங்களிடம் 600 மி.மீ. லென்ஸ் இருக்கிறது. சென்சரில் அதன் உயரம் 12 மி.மீ. முழுச்சட்ட சென்சரின் உயரம் 24 மி.மீ. என்பதால் பறவை படத்தில் பாதி உயரத்துக்கு வரும். ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய சென்சரின் உயரம் ஏறக்குறைய 16 மி.மீ.; அதில் முக்கால் பங்கு நிறையும்.

இப்போது கண்டல் கிளையில் இருக்கும் சிறு மீன்கொத்தியை எடுத்துக்கொள்வோம். அது 16 செ.மீ. நீளம்தான். 20 மீற்றரில் அதே 600 மி.மீ. லென்ஸ் அதை 5 மி.மீ. அளவுக்குக்கூடக் காட்டாது. நாரைக்குத் தாராளமாகப் போதும் லென்ஸ் மீன்கொத்திக்குப் போதாமல் போவது இதனால்தான். எந்த உயிரினத்தைப் படமெடுக்கப் போகிறோம் என்று முடிவுசெய்யாமல் லென்ஸ் வாங்குவது வீண்செலவு.

இந்தக் கணக்கில் இன்னொரு செய்தியும் உண்டு. 40 மீற்றர் தூரத்தை 20 மீற்றராகக் குறைத்தால் 300 மி.மீ. லென்ஸ் 600 மி.மீ. லென்ஸின் வேலையைச் செய்யும். பறவையை நோக்கி நடந்தால் அது பறந்துவிடும். ஆனால் விடியுமுன் போய், அது இரை தேட வரும் ஆழமற்ற நீரோரத்தில் அசையாமல் குந்தியிருந்தால் அது தானாகவே நெருங்கி வரும். நிறுத்திய வாகனத்தின் யன்னலும் நல்ல மறைவிடம். யன்னல் விளிம்பில் ஒரு துணிப்பையை வைத்து அதன்மேல் லென்ஸைக் கிடத்தலாம். அதற்குள் நிரப்ப நெல்லோ பயறோ ஊரில் வாங்கினால் போதும். வீட்டிலிருந்து சுமந்துவர வேண்டியதில்லை.

கண்ணாடியின் விட்டம்

நீண்ட லென்ஸ்கள் ஏன் கனக்கின்றன? குவியத்தூரத்தை எப் எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் துவாரத்தின் விட்டம் வரும். முன்கண்ணாடி அதைவிடச் சிறிதாக இருக்க முடியாது. 600 மி.மீ., எப் 4 என்றால் 150 மி.மீ. கண்ணாடி வேண்டும். கெனனின் அவ்வகை லென்ஸ் மூன்று கிலோவுக்கு மேல். விலையோ ஒரு வாகனத்தின் விலையோடு ஒப்பிடத்தக்கது. 600 மி.மீ., எப் 6.3 என்றால் 95 மி.மீ. போதும். சிக்மா, டாம்ரன் நிறுவனங்களின் 150–600 லென்ஸ்களும் சோனியின் 200–600 லென்ஸும் இந்த அளவில் அமைந்தவை. எடை ஏறத்தாழ இரண்டு கிலோ. 600 மி.மீ., எப் 11 என்றால் 55 மி.மீ. மட்டுமே. கெனனின் அத்தகைய லென்ஸ் 930 கிராம்தான்.

எடை குறையும்போது ஒளியும் குறைகிறது. எப் 6.3 துவாரத்தைவிட எப் 4 இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடும். எப் 11 மூன்றில் ஒரு பங்கை மட்டுமே விடும். பறக்கும் பறவையை உறையவைக்க 1/2000 செக்கன் வேகம் வேண்டும். கண்டல் நிழலில், விடிந்து அரைமணி நேரத்துக்குள், எப் 11 லென்ஸால் அந்த வேகத்தை எட்டுவது கடினம், ஐ.எஸ்.ஓ. எண்ணை மிக உயர்த்த வேண்டிவரும், படம் பொரிபொரியாகும். வெட்டவெளிக் கடற்கரையில் காலை ஏழரைக்கோ அதே லென்ஸ் நன்றாகவே வேலை செய்யும். நடந்து திரிபவருக்கு எப் 6.3 நடுவழி.

விட்டத்தைக் குறைக்காமல் எடையைக் குறைக்கவும் ஒரு வழி இருக்கிறது. பிரான்சின் இயற்பியலாளர் ஒகஸ்தீன் பிரெனெல் 1820களில் கலங்கரை விளக்குகளுக்காகக் கனமான கண்ணாடியை மெல்லிய வளையங்களாகப் பிரித்து அமைத்தார். அவர் பெயரைத் தாங்கிய நுண்வளையக் கண்ணாடி இன்று கமரா லென்ஸ்களுக்குள்ளும் வந்துவிட்டது. நிக்கொன் 2015இல் அவ்வகையில் வெளியிட்ட 300 மி.மீ., எப் 4 லென்ஸின் எடை 755 கிராம். அதற்கு முந்தைய அதே அளவு லென்ஸ் 1,440 கிராம். இன்று இரண்டாம் கையாகக் கிடைப்பவற்றில் நடப்பவருக்கு மிகவும் பொருத்தமானவற்றுள் இது ஒன்று.

எடையைக் கண்டு பின்வாங்காத தமிழரும் உண்டு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) இந்தியக் காடுகளில் கால்நடையாகவும் யானை மேலிருந்தும் கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்தவர். அவருடைய கமரா கடையில் வாங்கியதன்று. உடல் ஒரு நிறுவனத்தினது, லென்ஸ் இன்னொரு நிறுவனத்தினது, மீதிப் பாகங்கள் அவருடைய கைவேலை. அதற்கு 'சூப்பர் பொண்டரோசா' என்று அவரே கேலியாகப் பெயர் வைத்திருந்தார். யானை எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அவர் அறிந்திருந்தார். கருவியின் குறையை அந்த அறிவு ஈடுசெய்தது.

நிலக்காட்சிக்கு

இங்கே செலவு குறைவு. முக்காலியில் நிறுத்தி எப் 8 அல்லது எப் 11இல் எடுக்கும் படத்துக்கு எப் 2.8 லென்ஸின் விலையும் எடையும் தேவையில்லை. எப் 4 அளவுள்ள 16–35 அல்லது 24–105 போதும். இரவு வானில் பால்வீதியை எடுக்க விரும்புபவருக்கு மட்டும் எப் 2.8 பயன்படும்.

சுழற்றிப் பயன்படுத்தும் முனைவாக்க வடிகட்டி ஒன்றை வாங்குங்கள். களப்பு நீரை ஏறத்தாழ 37 பாகைச் சரிவில் பார்க்கும்போது அது நீர்மேல் தெறிக்கும் வெளிச்சத்தை மிக நன்றாக நீக்கும். அடியில் கிடக்கும் மணலும் பாசியும் தெரியும். வானத்தின் நீலம் சூரியனுக்குச் செங்கோணத் திசையில் ஆழமாகும். மாங்கேணிக் கரை பொதுவாக வடக்குத் தெற்காக ஓடுவதால் காலையில் கரையோரமாக நோக்கி எடுத்தால் இதன் முழுப் பயன் கிடைக்கும். கடலை நேராக நோக்கி எடுக்கும் உதயத்துக்கு அது தேவையில்லை, கழற்றிவிடலாம்.

முக்காலியில் கார்பன் நார் இலேசானது, அலுமினியம் மலிவானது. உப்பிலிருந்து இரண்டுமே முழுதாகத் தப்புவதில்லை. காலில் உள்ள பூட்டுகளுக்குள் மணல் புகுந்தால் இரண்டும் கெட்டுவிடும். அலைக்குள் வைக்கும்போது அடிக்காலை முழுதாக இழுத்துவிடுங்கள், பூட்டு நீருக்கு மேலே நிற்கும். தோணியில் முக்காலி பயன்படாது. தோணியின் ஆட்டமெல்லாம் அதன் வழியே கமராவுக்கு ஏறும். அங்கே கையில் பிடித்து எடுப்பதே சரி.

பையைத் தேர்ந்தெடுத்தல்

கமரா முக்கால் கிலோ, நீண்ட லென்ஸ் இரண்டு, அகன்ற லென்ஸ் அரைக்கு மேல், முக்காலி ஒன்றே முக்கால், தண்ணீர் இரண்டு லீற்றர், பை தானே இரண்டு கிலோ. கூட்டிப் பார்த்தால் ஒன்பது கிலோவாகிவிடும். இதைத் தோளில் தொங்கவிட்டால் ஒரு மணி நேரத்தில் கழுத்து இறுகும். எங்கள் பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் இடுக்கி எடுத்துவருவதில் உள்ள இயக்கவியல்தான் நல்ல முதுகுப்பையிலும் இருக்கிறது: பாரம் இடுப்பெலும்பில் உட்கார வேண்டும். ஆகவே பஞ்சு வைத்த அகன்ற இடுப்புப்பட்டி இல்லாத பையைப் பெரிய லென்ஸுக்கு வாங்காதீர்கள். கடையிலேயே ஒன்பது கிலோவை உள்ளே போட்டு மாட்டிப் பாருங்கள். இடுப்புப்பட்டியை இறுக்கிய பின் தோள்வாருக்கும் தோளுக்கும் இடையே விரல் நுழைந்தால் முதுகு நீளம் பொருந்துகிறது.

அடுத்து, எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். வெளிப்பக்கம் திறக்கும் பையிலிருந்து எதையும் எடுக்க வேண்டுமானால் முதுகில் படும் பக்கத்தைச் சேற்றில் கிடத்த வேண்டும்; பிறகு அந்தச் சேறு உங்கள் சட்டையில். முதுகுப் பக்கம் திறக்கும் பை களப்போரத்துக்கு மிகவும் உகந்தது. லென்ஸைக் கமராவில் பூட்டியபடியே வைக்க உள்ளே 45 செ.மீ. நீளமாவது இருக்கட்டும். பூட்டிக் கழற்றும் நேரத்தில் பறவை போய்விடும், மணலும் உள்ளே புகும். உலோகப் பற்கள் கொண்ட சிப்பு உப்பில் கறள் பிடிக்கும். பிளாஸ்டிக் பல்லே மேல். மழையுறை பையோடு வர வேண்டும். தோணியில் போகும்போது வாய் சுருட்டி மூடும் நீர்புகாப் பைக்குள் கருவிகளை வையுங்கள். பையை முதுகில் மாட்டிக்கொண்டு தோணியில் இருக்காதீர்கள். தோணி கவிழ்ந்தால் அது உங்களைக் கீழே இழுக்கும்.

விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்ரீலங்கன் விமானத்தின் சாதாரண வகுப்பில் கைப்பொதி ஏழு கிலோ மட்டுமே. ஒன்பது கிலோப் பை அதில் சேராது. முக்காலியைப் பெரிய பெட்டிக்குள் அனுப்பி, லென்ஸையும் கமராவையும் கையில் வையுங்கள். உதிரி லித்தியம் பற்றரிகளைக் கைப்பொதியில்தான் கொண்டுவர வேண்டும், பெட்டியில் போடக் கூடாது. ஓகஸ்ட் வறண்ட பருவம்; வலசைப் பறவைகள் அப்போது பெரும்பாலும் இரா. அவற்றுக்காக வருபவர்கள் மாரி மழை ஓய்ந்த பெப்ரவரி, மார்ச்சைத் தேர்ந்தெடுக்கலாம்.

உப்பும் ஈரமும்

கடற்காற்றில் வரும் உப்பு கண்ணாடியில் மெல்லிய படலமாகப் படியும். அதை உலர்ந்த துணியால் துடைத்தால் இடையில் இருக்கும் மணல் துகள் கீறிவிடும். முதலில் ஊதுகுமிழால் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி, கடைசியில் உலர்த்துங்கள். முக்காலியின் கால்களை அன்றே நன்னீரில் கழுவிவிடுங்கள்.

பாசிக்குடா விடுதியில் குளிரூட்டிய அறையிலிருந்து விடியலில் வெளியே வந்தால் லென்ஸில் பனி படர்ந்து அரைமணி நேரம் வீணாகும். முந்தின இரவே பையை அறைக்கு வெளியே பாதுகாப்பான இடத்தில் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. வீட்டில் லென்ஸை ஈரப்பதன் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். முதுகுப்பைக்குள்ளேயே மாதக்கணக்காக மூடி வைத்தால் கண்ணாடியில் பூஞ்சை வலை கட்டும்.

காலை ஒன்பதரை மணிக்குமேல் நிலமும் நீரும் சூடேறிக் காற்றை அலையவைக்கும். தூரத்துப் பறவை எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸிலும் மங்கலாகவே விழும். அந்த நேரத்தில் பையைக் கட்டிவிடுவதே புத்தி.

வாங்கும் ஒழுங்கு

முதலில் நீண்ட லென்ஸ். அடுத்து உறுதியான முக்காலி. இவற்றின் எடை தெரிந்த பிறகு பை. கமராவின் உடலைக் கடைசியாக மாற்றுங்கள். பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் கண்ணாடியற்ற (மிரர்லெஸ்) கமராக்கள் 2020க்குப் பிறகு பரவியதால், 2016இல் வந்த நிக்கொன் டி500 போன்ற செக்கனுக்குப் பத்துப் படம் எடுக்கும் உடல்கள் இரண்டாம் கையாகக் கிடைக்கின்றன. தொடங்குபவருக்கு அவை பல ஆண்டுகள் தாங்கும்.

கூட்டில் இருக்கும் பறவையை நெருங்காதீர்கள்; அது எழும்பினால் முட்டை வெயிலில் வேகும், காகம் கொத்தும். காயங்கேணிக் கடற்பகுதி 2019இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பாறையில் கால் வைக்கும்போது அதை மனதில் வையுங்கள். ட்ரோன் பறக்கவிட அனுமதி பெற வேண்டும். பற்றைக்காட்டுப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு; இருட்டில் தனியே போகாமல் ஊரவர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். எந்த நீரோரத்துக்கு எந்தப் பறவை எத்தனை மணிக்கு வரும் என்பது அவருக்குத் தெரியும். லென்ஸுக்குக் கொடுக்கும் பணத்தில் மிகச் சிறு பங்கு அவருக்கு நாட்கூலியாகப் போகட்டும். படத்துக்கு அதுவே மிகுந்த பயன் தரும் செலவு.